வேம்பு எழுந்திருக்கவில்லை

நாற்காலியில் உட்காருவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நாளாவது வீரையன் வீட்டில் பிறந்து பார்த்திருக்க வேண்டும். அவருடைய ஊரில் மிராசுதார் அமிர்தலிங்கம் நிற்கும்போது யாரும் உட்காருவதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போதும் உட்காருவதில்லை, அது வேறு விஷயம். அறுவடைக் கூலி பேசுகிற அன்றைக்கு மட்டும் களத்தில் அவருக்கு ஒரு கயிற்றுக் கட்டில் போடுவார்கள், ஆட்கள் எதிரே தரையில் குந்திக்கொள்ளலாம். பேச்சு தனக்குப் பிடிக்காத பக்கம் திரும்பினால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஓர் உதறு உதறிவிட்டு எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும். எழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது. என்ன கூலி என்பதைப் பிறகு கணக்கப்பிள்ளை தெருவுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்.

அந்த வீரையனின் மகள் வேம்பு, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருவாரூர் கிளப்பின் மாடி ஹாலில், அதே அமிர்தலிங்கத்துக்கு நேர் எதிரே, அவருடையதைப் போலவே கை வைத்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் சதுரங்கப் பலகை. அவளுடைய சேலைக் கரை இன்னும் காயவில்லை. குழாயடியில் எவ்வளவு தேய்த்துக் கழுவியும் கால் விரல் இடுக்கில் சேறு இருந்தது. அந்தச் சேற்றுக்குக் காரணமானவரும் எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.

வீரையனின் வீடு அமிர்தலிங்கத்தின் வயலை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. வீரையனின் அப்பாவைப் பண்ணையில் வேலைக்கு வைத்தபோது, கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும் என்பதற்காக இவர்கள் குடும்பத்தையே அங்கே குடியேற்றிய வீடு. இப்போது அந்த மேட்டில் டிராக்டர் இறங்க வேண்டும் என்று அமிர்தலிங்கம் ஆசைப்பட்டார். ஆனால் குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆளை அடித்து விரட்டுகிற காலமும் கொஞ்சம் மலையேறிவிட்டது. தவிர, அமிர்தலிங்கம் ஆட்சிக்குப் பகையானவர் அல்ல. எந்த ஆட்சிக்குமே பகையானவர் அல்ல. கோட்டையில் கொடி மாறும்போதெல்லாம் இங்கே அவருடைய துண்டில் கரை மாறிவிடும். ஏழைகளுக்குப் பட்டா கொடுக்கிற மேடைகளில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர் அவர்.

ஆகவே அவர் வீட்டைத் தொடவில்லை. வீட்டைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் தொட்டார். தெருவுக்குப் போகிற வரப்பை வெட்டிவிட்டார். களத்துப் பக்கம் முள்வேலி போட்டார். மற்ற இரண்டு பக்கமும் அவருடைய நடவு. மிச்சம் இருந்தது வாய்க்கால்தான். வீரையன் குடும்பம் அன்றிலிருந்து வாய்க்காலில் இறங்கித்தான் உலகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. கோடையில் கணுக்கால் தண்ணீர், ஐப்பசியில் இடுப்புத் தண்ணீர். "போகச் சொன்னேனா? யாரு போகச் சொன்னா? இருக்கட்டுமே" என்று அமிர்தலிங்கம் கேட்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

போன மாதம் வேம்புவின் அம்மா காளியம்மாள் வாய்க்காலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதோடு வீரையனின் பிடிவாதமும் முறிந்தது. காலையில் வேம்பு பந்தயத்துக்குக் கிளம்பும்போது அவர் விஷயத்தைச் சொன்னார்.

"ஐயாகிட்ட சரின்னுட்டேன். சாயங்காலம் கிளப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆட்டம் முடிஞ்சதும் பத்திரம் எழுதறவரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மேட்ட விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டா, சுடுகாட்டுப் பக்கம் ஒரு எடம் தரேன்னாங்க."

"எதுக்குப்பா? சட்டம் நம்ம பக்கம் இருக்குல்ல."

"சட்டம் இருக்குதும்மா. வழி இல்லியே. எந்தப் பக்கமும் நகர முடியாதவன் தோத்தவன்தான். அவங்களுக்கு எதிரே ஒக்காந்து பேச நம்மால ஆவுமா?"

அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அப்பா மேல், பாதி தன் மேல். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சராக இருந்து என்ன, அம்மா கையை உடைத்துக்கொள்வதைத் தடுக்க முடிந்ததா? வாய்க்காலில் இறங்கினாள்.

செஸ் அவளுக்குத் தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சி விடுதியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அறைத்தோழி நஃபீசா அதிராம்பட்டினத்துப் பெண். அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த காந்தப் பலகையில் இரண்டு பேரும் பரீட்சையைக்கூட மறந்து ஆடினார்கள். இந்தக் கிளப்பில் வருஷம் ஒருமுறை பந்தயம் நடக்கும், வெளியாட்களும் ஆடலாம் என்று சொன்னவர் அஹமது கபீர். கடைத்தெருவில் நோட்டு, பேனா கடை வைத்திருப்பவர். கிளப்பில் செஸ் பந்தயத்துக்கு நடுவரும் அவர்தான். பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ் வாங்கப் போன வேம்புவிடம், "பேரு குடுங்க டீச்சர். ஒரே ஆளுங்க மொகத்தையே பாத்துப் பாத்து எங்களுக்கும் சலிச்சுப் போச்சு" என்றார்.

சலிப்புக்குக் காரணம் இருந்தது. பந்தயத்தின் சுழற்கோப்பை அமிர்தலிங்கத்தின் தகப்பனார் பெயரில் இருந்தது. அதைப் பெரும்பாலும் வென்றவரும் அமிர்தலிங்கம்தான். பிள்ளை கொடுப்பதும் பிள்ளையே வாங்குவதுமாக அந்தக் கோப்பை சும்மா கிளப்புக்கும் அவர் வீட்டுக் கூடத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அவர் மோசமான ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. வேகமாக ஆடுவார், நன்றாகவே ஆடுவார். வெட்டக் கிடைத்த காயை வெட்டாமல் விட்டால் மட்டும் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் அவரோடு கடைசிவரை ஆடியவர் என்று ஒருவரும் இல்லை. நிலைமை கொஞ்சம் இறங்கியதும் எதிராளி ராஜாவைப் பலகையில் சாய்த்துவிட்டு, "ஐயா கையில யாரு நிக்க முடியும்" என்று எழுந்துவிடுவார். இறங்காவிட்டாலும் சிலர் எழுந்துவிடுவது உண்டு. கூட்டுறவு வங்கி கிளார்க் துரைக்கண்ணு அன்று காலையில் ஒரு குதிரை கூடுதலாக வைத்துக்கொண்டே ராஜாவைச் சாய்த்தார்.

கடைசிச் சுற்றில் வேம்புவும் அமிர்தலிங்கமும் என்று கபீர் பாய் அறிவித்தார். அமிர்தலிங்கம் பலகையைப் பார்த்தார், எதிர் நாற்காலியைப் பார்த்தார், அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வேம்புவைப் பார்த்தார்.

"வீரையன் மவளா நீ? பேஷ். ஒக்காரு, ஒக்காரு."

உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து உட்காரச் சொன்னார். அனுமதி அவரிடமிருந்து போனதாக இருக்க வேண்டும் அல்லவா?

வேம்பு மோசமாகத் தொடங்கினாள். எதிரே இருந்தவரைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது, கோபத்தில் ஒரு யானையைக் கவனிக்காமல் விட்டாள். அமிர்தலிங்கம் அதை எடுத்து மேஜையில் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார். அப்போதே யாராக இருந்தாலும் ராஜாவைச் சாய்த்திருப்பார்கள். அவள் சாய்க்கவில்லை. பிறகு ராணியும் ராணியும் மாறிக்கொண்டு போயின, அவருடைய சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டம்வரை நடந்து புது ராணியானது. அவர் ராணியைப் பழைய வழக்கப்படி மந்திரி என்றுதான் சொல்வார். "மந்திரி வந்துட்டாரு. இன்னும் என்ன?" என்று சாய்ந்து உட்கார்ந்தார். அப்போதும் அவள் சாய்க்கவில்லை.

"டீச்சர், கை குடுத்துட்டு எந்திரிங்க. எதுக்கு இழுக்கறீங்க, பெரிய மனுஷரு" என்று துரைக்கண்ணு அவள் காதருகே குனிந்து சொன்னார்.

"நீங்க காலையில எந்திரிச்சீங்களே, போதாதா சார்?" என்றாள் வேம்பு. துரைக்கண்ணு நிமிர்ந்துகொண்டார்.

அவளுக்கு ஜெயிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்திருந்தாள். அப்பா வந்திருந்தார். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிலையில் சாயாமல் நின்றார். ஹாலில் காலி நாற்காலிகள் கிடந்தன. ஆட்டம் முடிந்ததும் அவர் அமிர்தலிங்கத்தின் பின்னால் இறங்கிப் போவார், ஒரு கையெழுத்து, மேடு போய்விடும். அதனால் ஆட்டம் முடியக் கூடாது. இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கும்வரை அந்த மேடு அவர்களுடையது. அவ்வளவுதான் அவளுடைய திட்டம். அதைத் திட்டம் என்று சொல்வதுகூட அதிகம்.

அப்படி இழுத்து இழுத்துப் பார்த்ததில், மிஞ்சியவற்றைக் கணக்குப் பார்த்தால் வெட்கக்கேடு. அவருக்கு ஒரு ராணி, ராஜா, ஒரு சிப்பாய். அவளுக்கு ஒரு குதிரை, மூலையில் ஒதுங்கிய ராஜா, ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாயும் அவருடைய சிப்பாயோடு நெற்றி முட்டி நின்றது, நகராது. அமிர்தலிங்கத்தின் ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவது போல நடுப்பலகைக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் சில நகர்த்தல்களில் முடிந்துவிடும்.

வேம்புவுக்கு அப்போது நஃபீசாவின் நினைவு வந்தது. நஃபீசா தோற்கப் போகிற ஆட்டத்தில் எல்லாம் ராஜாவை மூலையில் ஒளித்துவைத்துவிட்டு, மற்ற காய்களை வெட்டு வெட்டு என்று நீட்டுவாள். முதல் தடவை வேம்பு ஆசையாக எல்லாவற்றையும் வெட்டித் தீர்த்த பிறகு நஃபீசா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கு செக் இல்ல. நகரவும் எடமில்ல. டிரா, பிள்ள" என்றாள். அது அழுகுணி ஆட்டம் என்று வேம்பு சண்டை பிடித்து, ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள். பிறகு வார்டன் சொல்லித்தான் அது சட்டம் என்று ஒப்புக்கொண்டாள்.

வேம்பு பலகையை மறுபடியும் பார்த்தாள். ராஜா மூலையில். சிப்பாய் முட்டிக்கொண்டு. நகரக் கூடியது குதிரை ஒன்றுதான். இந்தக் குதிரை மட்டும் இல்லாவிட்டால், ராணி மட்டும் சரியான கட்டத்துக்கு வந்து நின்றுவிட்டால்... குதிரையைத் தூக்கி, அவருடைய ராணியின் பார்வை விழுகிற கட்டத்திலேயே வைத்தாள்.

"செக்" என்றாள்.

அமிர்தலிங்கம் சிரித்துவிட்டார். ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தால் போதும், மெதுவாக ஜெயித்திருப்பார். ஆனால் வெட்டக் கிடைத்த காயாயிற்றே. மந்திரியை நீட்டிக் குதிரையைத் தட்டித் தூக்கினார். அவளுடைய ராஜாவைச் சுற்றியிருந்த மூன்று கட்டங்களையும் அந்த மந்திரி அடைத்துக்கொண்டது.

"எங்க போவ இனிமே? அடைச்சாச்சு. முடிஞ்சுது" என்றார். துண்டை எடுத்து ஓர் உதறு உதறினார். எழுந்தார்.

அவர் எழுந்ததும் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். சீட்டு ஆடிக்கொண்டிருந்த மூலை மேஜைக்காரர்கள்கூட, விஷயம் தெரியாமலே பாதி எழுந்தார்கள். வேம்புவின் கால்களும் அவளைக் கேட்காமலே எழப் பார்த்தன. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தாத்தாவின் கால்கள், அப்பாவின் கால்கள், அவளுக்கும் அதே கால்கள். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒக்காருங்க" என்றாள்.

அமிர்தலிங்கத்துக்கு யாரைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. அதற்குள் வாசலைப் பார்த்து, "வீரையா, வாடா போவலாம்" என்று சொல்லிவிட்டிருந்தார்.

"ஒக்காருங்க. நீங்க ஜெயிக்கல. ஆட்டம் டிரா."

"என்னாது?"

"டிரா. எனக்கு செக் இல்ல. நகர வழியும் இல்ல. கபீர் சார், இங்க வாங்க."

கபீர் பாய் வந்தார். வந்து பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் ரொம்ப நேரம் பார்த்தார். கடைத்தெருவில் அவருடைய கடை இருந்த கட்டடம் அமிர்தலிங்கத்துக்குச் சொந்தம். இது ஹாலில் இருந்த எல்லாருக்கும் தெரியும், வேம்புவுக்கும் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், இத நாளைக்குப் பேசிக்கலாமா? ஐயா அவசரமா கெளம்பறாங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"நாளைக்கு எனக்கு வீடு இருக்காது சார். இப்பவே சொல்லுங்க. நீங்க சொல்றவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

கபீர் பாய் அவளுடைய சேலைக் கரையைப் பார்த்தார். வாசலில் நின்ற வீரையனைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஐயா, நீங்க செக் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"செக் எதுக்கு? அதான் எல்லாப் பக்கமும் அடைச்சுட்டேனே. அவ ராஜா எங்க போவும்? எங்க வீட்டுல தாத்தா காலத்துலேருந்து இதான் ஆட்டம். வழி அடைச்சவன் ஜெயிச்சவன்."

"வீட்டுல சரிங்க. இது பந்தயம். ராஜாவுக்கு ஆபத்து இல்லாம, நகர மட்டும் எடமில்லன்னா யாருக்கும் ஜெயிப்பு கிடையாது. டிராங்க. ஆளுக்கு அரைப் புள்ளி."

"இத்தன வருஷம் யாரும் சொல்லல?"

"இதுவரைக்கும் யாரும் உங்களோட கடைசிவரைக்கும் ஆடலீங்களே" என்றார் கபீர் பாய். குரல் கொஞ்சம் பிசிறினாலும் வார்த்தை பிசிறவில்லை. "நான் நடுவரா எழுதறதும் டிரான்னுதான்."

துரைக்கண்ணு தன் காலைநேரக் குதிரையை நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். அமிர்தலிங்கம் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டதாகும். நின்றால், கீழே உட்கார்ந்திருப்பவளிடம் தான் நின்று பேசுவதாகும். இந்த இக்கட்டு அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. கோப்பை எப்படியும் இந்த வருஷமும் அவர் வீட்டுக்குத்தான் போகப்போகிறது, அதற்கு அந்த அரைப் புள்ளியே போதும். ஆனாலும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"சரி, வச்சுக்க உன் அரையை" என்றார். "வீரையா, வா. எழுதறவரு காத்திருப்பாரு."

வீரையன் வாசலிலிருந்து உள்ளே வந்தார். வெறுங்காலோடு ஹாலின் நடுவரை நடந்து வந்தார். வேம்புவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் அமிர்தலிங்கத்திடம் போகவில்லை, பலகையருகே வந்து நின்றார். செஸ்ஸைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் தான் சொன்ன வார்த்தை மட்டும் தெரியும்.

"பாய், இதுல என் மவ எது?" என்று கேட்டார்.

கபீர் பாய் மூலையில் இருந்த கறுப்பு ராஜாவைக் காட்டினார்.

"சுத்தி அடைச்சிருக்கு. ஆனா தோக்கலன்றீங்க."

"தோக்கலீங்க. இருந்த எடத்துலேயேதான் இருக்காங்க."

வீரையன் தலையை ஆட்டிக்கொண்டார். மகளைப் பார்த்தார். அவள் இன்னும் நாற்காலியின் கைகளை விடவில்லை.

"அப்பா, ஒக்காருங்க" என்றாள் வேம்பு.

எதிரே இருந்தது அமிர்தலிங்கத்தின் நாற்காலி. அதன் முதுகை அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். வீரையன் அதைப் பார்த்தார், ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு பக்கத்து மேஜையிலிருந்து காலி நாற்காலி ஒன்றைத் தானே இழுத்து வந்து, மகளுக்குப் பக்கத்தில் போட்டு, உட்கார்ந்தார். முதலில் விளிம்பில்தான் உட்கார்ந்தார். நாற்காலி ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"எந்திரிடா" என்றார் அமிர்தலிங்கம்.

"நீங்க போங்க ஐயா" என்றார் வீரையன். "எழுதறவருகிட்ட வீரையன் வரலேன்னு சொல்லிடுங்க. வாய்க்கா எங்களுக்குப் பழகிப் போச்சு."

அமிர்தலிங்கம் இன்னும் ஒருமுறை துண்டை உதறினார். உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்களும் எங்கேயோ பார்த்தார்கள். மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. நாளைக்கு முள்வேலியில் இன்னொரு வரிசை முள் ஏறும், கபீர் பாயின் கடைக்கு ஆள் வருவான், அதெல்லாம் ஹாலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கபீர் பாய் பேனாவைத் திறந்து இரண்டு பெயர்களுக்கு எதிரேயும் அரை அரை என்று எழுதினார்.

துரைக்கண்ணு உதவி செய்கிற நினைப்பில் காய்களைப் பெட்டிக்குள் அள்ளிப் போடத் தொடங்கினார். வெள்ளை ராணி போனது, சிப்பாய்கள் போயின. கறுப்பு ராஜாவிடம் கை நீண்டபோது வீரையன் குறுக்கே தன் கையை வைத்தார்.

"அத எடுக்காதீங்க தம்பி" என்றார். "அது அங்கயே இருக்கட்டும்."